பழைய காரும் புதிய ஓசையும்

சென்ற ஆண்டு சூலைத் திங்களில் ஒரு நாள், இளங்கலை இரண்டாமாண்டு வகுப்பில் பாடவேறுபாடு, இடைச்செருகல் என்பன பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். ஏடு எழுதுபவர், பழுதுபட்ட ஓர் எழுத்தைப் படிப்பவருக்கு விளங்கவேண்டுமே என்று திருத்துவது ஒன்று. தம் கைத்திறமையைக் காட்டவேண்டும் என்று தாமே ஒரு பாட்டை இயற்றி நடுவில் நுழைத்துவிடுவது வேறொன்று. இவ்விரண்டையும் ஒரே குற்றமாகக் கருதலாகாது என்று சொல்லிவிட்டுச் சான்று எழுதக் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். அவ்வளவில் கல்லூரி வாயிலுக்கு வெளியே இடி இடித்தாற்போல் ஓர் ஓசை எழுந்தது. சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நாற்பது மாணவர்களும் ஒருசேரத் தலையைத் திருப்பினர். நானும் எட்டிப் பார்த்தேன். நீண்ட மூக்கும் சரிந்த முதுகும் கொண்ட அந்தப் பழைய காரை எனக்கு அடையாளம் தெரியாமல் போகுமா? அது காலஞ்சென்ற என் பெரியத்தாவின் ஸ்டாண்டர்டு 2000. ஓட்டி வந்தவன் அவருடைய பேரன். எனக்கு மகன் முறை. மாலையில் வீட்டுக்கு வந்தவன் முதலில் கேட்ட கேள்வியே, "சாச்சா, சத்தம் எப்படி இருந்துச்சு?" என்பதுதான்.

அந்தக் கேள்விக்கு அன்று நான் நேராக விடை சொல்லவில்லை. இக்கட்டுரையை அவ்விடையாகக் கொள்ளலாம். தமிழாசிரியனுக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் என்று நகைப்போர் உண்டென்பதை அறிவேன். அவர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

ஸ்டாண்டர்டு 2000 என்னும் பெயரை இன்றைய மாணவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். நம் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வழியாகச் சென்னைக்குச் செல்லும் அதே பெருவழியில், பெருங்களத்தூரில் இருந்தது ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை. 1948இல் தொடங்கிய அந்நிறுவனம், வான்கார்டு, ஹெரால்டு, கெசல் என்று அடுத்தடுத்துக் கார்களைச் செய்து தந்தது. சென்னைக்காரர்கள் தம் ஊர்க் கார் என்று உரிமை கொண்டாடியது ஹெரால்டைத்தான். 1985இல் அந்நிறுவனம் ஒரு பெருந்துணிச்சலில் இறங்கியது. இங்கிலாந்தின் ரோவர் நிறுவனத்துச் சொகுசுக் காரை, 1977ஆம் ஆண்டின் சிறந்த ஐரோப்பியக் கார் என்று தெரிவு செய்யப்பெற்ற அதே காரை, இங்கே செய்து விற்க முற்பட்டது. உடல் ரோவருடையது, உயிர் மட்டும் அதனுடையது அன்று. இங்கிலாந்தில் அக்காருக்கு மூன்றரை லிட்டர், எட்டு உருளை இயந்திரம் பொருத்தியிருந்தார்கள். இங்கே பொருத்தியதோ 1991 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள நான்கு உருளை வான்கார்டு இயந்திரம். ஏறத்தாழ 83 குதிரைத்திறன். இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு வடிவமைக்கப்பட்ட அதே குலத்து இயந்திரம் பெர்குசன் டிராக்டரிலும் உழுதது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். பட்டு வேட்டி உடுத்திய உழவர் என்று அந்தக் காரைச் சொல்லலாம். நான் குறைகூறவில்லை; எனக்கு உழவரையும் பிடிக்கும், பட்டு வேட்டியையும் பிடிக்கும். ஆனால் விலையையும் பெட்ரோல் செலவையும் பார்த்தவர்கள் வாங்கவில்லை. 1988ஐ ஒட்டி உற்பத்தி நின்றது.

நின்றுபோன காரை 1991இல் பெரியத்தா மலிவாக வாங்கினார். அவருக்குத் திண்டிவனத்தில் மணிலா மண்டி. எங்கள் பக்கத்தில் வேர்க்கடலையை மணிலா என்றும் மல்லாட்டை என்றும்தான் சொல்வார்கள். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த 'டி.எம்.வி.' இரகங்களின் பெயரிலேயே ஊரின் பெயர் ஒளிந்திருப்பதை அறிந்தோர் அறிவர். அந்த மண்டியின் வருவாயில் வந்த கார் பாதித் தென்னார்க்காட்டின் கலியாண மாப்பிள்ளைகளைச் சுமந்தது. விழுப்புரம் சந்திப்பில் இரயிலிறங்கும் உறவினர்களை அழைத்துவரப் போகும்போது என்னையும் பின்னிருக்கையில் ஏற்றிக்கொள்வார். எனக்கு அப்போது பதினொரு வயது. அந்தக் காரின் ஓசை எனக்கு இன்றும் செவியில் இருக்கிறது. ஓசை என்று சொல்வதைவிட ஒரு தணிந்த முனகல் எனலாம். தெருமுனையில் திரும்பும்போது டயரின் கீழ் மணல் நெரிபடுவது கேட்கும்; இயந்திரம் கேட்காது.

லிட்டருக்கு எட்டுக் கிலோமீட்டர் கொடுத்துவிட்டால் அன்று பெரியத்தா வீட்டுக்கு அல்வா வாங்கி வருவார். புதுவையில் பெட்ரோல் விலை குறைவென்று அங்கே போய் நிரப்பி வருவதும் உண்டு. போகவர எரிந்த பெட்ரோலைக் கணக்கில் சேர்த்தீர்களா என்று பெரியம்மா கேட்டதற்கு அவர் ஒருநாளும் விடை சொன்னதில்லை. இந்தச் சிக்கன ஆசையால்தான் முதல் தவறு நேர்ந்தது. கார்புரேட்டரில் ஜெட் என்று ஒன்றுண்டு. பித்தளையில் செய்த, நடுவே மயிரிழைத் துளையுள்ள சிறு திருகு. எவ்வளவு பெட்ரோல் உள்ளே போகவேண்டும் என்பதை அத்துளையே அளக்கிறது. ஒரு பட்டறையில், பட்டறையின் பெயர் இங்கே வேண்டாம், "சின்ன ஜெட் போட்டா மைலேஜ் வரும் பாய்" என்று சொல்லி மாற்றிவிட்டார்கள். மூன்று மாதம் மைலேஜ் வந்தது. நான்காம் மாதம், கத்திரி வெயிலில், உளுந்தூர்ப்பேட்டை தாண்டிக் கார் இழுவையிழந்து நின்றது. பிரித்துப் பார்த்தபோது புகை வெளியேறும் வால்வு ஒன்று எரிந்து ஓரம் கருகியிருந்தது.

அதன் காரணம் எனக்கு அப்போது விளங்கவில்லை. பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு பங்கு பெட்ரோல் முழுதும் எரிவதற்கு எடையளவில் 14.7 பங்கு காற்று வேண்டும். கார்புரேட்டரின் இடுப்பு ஒடுங்கிய குழலில் காற்று விரைந்தோடும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அக்குறைவே பெட்ரோலை உறிஞ்சி நுண்துளிகளாகச் சிதறடித்துக் கலக்கிறது. மின்னணு இல்லை, கணிப்பொறி இல்லை. காற்றின் விரைவு ஒன்றே அதற்கு அறிவு. பெட்ரோல் குறைந்தால் கலவை மெலிகிறது. மெலிந்த கலவை மெல்ல எரிகிறது. வால்வு திறக்கும்போதும் தீ அணையாமல் வெளியேறுகிறது. வெந்தீயில் நாளெல்லாம் நிற்கும் வால்வு கருகாமல் என்ன செய்யும்?

பெரியத்தா 2014இல் காலமானார். அதற்கு ஐந்தாண்டு முன்பே கார் கொட்டகைக்குப் போய்விட்டது. 2023இல் பேரன், பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பட்டயம் முடித்த கையோடு, அதை வெளியே இழுத்தான். எலி கடித்த ஒயர்களை அவனே மாற்றினான். துருப்பிடித்த பிரேக்கை அவனே பிரித்துச் சேர்த்தான். பதினான்கு ஆண்டு கிடந்த இயந்திரம் அவன் கையால் உயிர்பெற்றது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் குடும்பப் பெரியவர்கள் பலர் அவனை உதவாக்கரை என்றனர். காரை விற்றுத் தொலை என்றனர். மருத்துவம், பொறியியல் தவிர்த்த கைவேலை எதனையும் கல்வியாகக் கருதாத நோய் நம் வீடுகளில் இன்னும் தீரவில்லை. கையில் கிரீசு படிந்தவனுக்குப் பெண் கொடுக்க யோசிக்கும் நாம்தாம், நடுவழியில் கார் நின்றால் அவனைத் தேடி ஓடுகிறோம்.

அவன் அங்கேயே நின்றிருக்கலாம். நிற்கவில்லை. துருப்பிடித்த சைலன்சரை அறுத்தெறிந்துவிட்டு, முன்னிலும் பருத்த நேர்க்குழாய் ஒன்றைப் பற்றவைத்தான். அதற்கேற்பப் பெரிய கார்புரேட்டர் ஒன்றையும் எங்கிருந்தோ வாங்கிப் பொருத்தினான். 'பவர்' கூடும் என்று நண்பர்கள் சொன்னார்களாம்.

கூடியதா? நான்கு உருளை இயந்திரம் நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றுச் சுற்றும்போது நொடிக்கு நூறு முறை வெந்த வாயுவை வெளியே தள்ளுகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு சிறு வெடிப்பு. சைலன்சரின் அறைகளும் துளையிட்ட குழல்களும் அவ்வெடிப்பலைகளை ஒன்றோடொன்று மோதவிட்டு அடக்குகின்றன. அதை நீக்கினால் மூச்சு எளிதாகும் என்பது பாதி உண்மை. குழாய் அளவுக்கு மீறி அகன்றால் வாயுவின் விரைவு குறைகிறது. முன்னே சென்ற வாயு பின்னே வருவதை இழுத்துச் செல்லும் இழுவிசை குறைவான சுற்றுகளில் அற்றுப்போகிறது. பெரிய கார்புரேட்டருக்கும் இதே கதைதான்: அகன்ற கழுத்தில் காற்று மெல்லச் செல்கிறது, பெட்ரோல் துளியாகச் சிதறாமல் ஒழுகுகிறது. பந்தயக் களத்தில் ஆறாயிரம் சுற்றில் ஓடுபவனுக்கு இவை பயன்படலாம். பெரியத்தா டாப் கியரிலேயே ஏறிய திண்டிவனம் மேம்பாலத்தை, பேரன் மூன்றாம் கியருக்கு இறங்கித்தான் ஏறினான். பக்கத்து இருக்கையில் நான் இருந்தேன். ஓசை இரட்டித்திருந்தது, இழுவை குறைந்திருந்தது. உரத்துப் பேசுவதை ஆழ்ந்து பேசுவதாக எண்ணும் மேடைகளைப் பார்த்துப் பழகிய எனக்கு இதில் வியப்பில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் மாணவர்கள் அறிய வேண்டும். ஒலியடக்கும் கருவி இல்லாத வண்டி சாலையில் ஓடலாகாது என்பது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120ஆம் விதி. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி ஒலி, புகை வரம்பை மீறினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை தண்டமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம்; ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதம் தகுதியிழக்கும். மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி நூறு மீட்டரை அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம் என்பது 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதி. அன்று நம் வாயிலில் நிகழ்ந்தது என்ன என்பதை இனி விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு விதி அவனை உண்மையிலேயே திடுக்கிட வைத்தது. 2021 சூலையில் வந்த திருத்தத்தின்படி, முதற்பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்து, அடிச்சட்டம், உடற்கூடு, இயந்திரம் ஆகியவற்றில் பெருமாற்றம் இன்றி மூலவடிவில் பேணப்படும் கார் தொன்மை வாகனமாகப் பதிவு பெறலாம். ஸ்டாண்டர்டு 2000இன் முதல் அணி 2035இல் ஐம்பதைத் தொடும். அதற்குள் எத்தனை கார்கள் டீசல் இயந்திரம் மாட்டிக்கொண்டோ காயலான் கடைக்குப் போயோ மறைந்திருக்கும்! குழாயும் கார்புரேட்டரும் பெருமாற்றமா சிறுமாற்றமா என்று வழக்காடலாம்தான். ஆனால் மூலத்தைத் தூக்கி எறிந்தவன் எதை வைத்து வழக்காடுவான்? அவன் அறுத்த சைலன்சரை இரும்பு விலைக்கு எடைபோட்டு விற்றுவிட்டிருந்தான்.

இதுவரை படித்த பெரியவர்கள், "சரியாகச் சொன்னீர், எதையும் மாற்றக்கூடாது" என்று தலையசைக்கக்கூடும். அங்கேதான் அவர்களோடு மாறுபடுகிறேன். மாற்றாமலும் அந்தக் காரை இன்று ஓட்ட முடியாது. ஏனெனில் பெட்ரோலே மாறிவிட்டது. 2000ஆம் ஆண்டு ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுதும் நிறுத்தப்பட்டது. நம் குழந்தைகளின் மூளைக்கு அது நன்மை, ஐயமில்லை. ஆனால் அந்த ஈயமே பழைய இயந்திரங்களின் மென்மையான வால்வு இருக்கைகளுக்குக் காப்பாகவும் இருந்தது. 2023 முதல் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் வரத் தொடங்கி, இன்று எங்கும் அதுவே கிடைக்கிறது. எத்தனால் எரிவதற்கு ஒன்பது பங்கு காற்றே போதும். ஆகவே இக்கலவைக்கு வேண்டிய காற்று ஏறத்தாழ 13.5 பங்கு. புதிய கார்கள் புகையை முகர்ந்து பார்த்துத் தாமே சரிசெய்துகொள்கின்றன. கார்புரேட்டருக்கு அந்த மூக்கு இல்லை. பழைய ஜெட்டோடு புதிய பெட்ரோலை ஊற்றினால் கலவை மெலியும். உளுந்தூர்ப்பேட்டைக் கதை மீண்டும் நடக்கும். துளையை ஏழெட்டு விழுக்காடு கூடுதல் பெட்ரோல் செல்லும்படி பெரிதாக்க வேண்டும். எத்தனால் அரிக்கும் பழைய ரப்பர் குழாய்களையும் மாற்ற வேண்டும். பெரிய கார்புரேட்டர் வாங்கியது அவனுடைய பேதைமை. கார்புரேட்டரில் எதையோ மாற்றியாக வேண்டும் என்று உணர்ந்தது அவனுடைய அறிவு. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் ஒரே வாயால் ஏசுவது நியாயமன்று.

அரசினரிடமும் எனக்கு ஒரு முறையீடு உண்டு. பதினைந்தாண்டு கடந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. 2025இல் இருபதாண்டு கடந்தவற்றுக்கு 10,000 ஆயிற்று. பெறுங்கள். ஆனால் மூலவடிவில் பேணு என்று ஒரு கையால் ஆணையிட்டு, மூலவடிவம் ஏற்காத பெட்ரோலை மறுகையால் ஊற்றினால், பழைய கார் வைத்திருப்பவன் எந்தக் கைக்குக் கீழ்ப்படிவான்? எந்த அளவு மாற்றம் குற்றமாகாது, ஜெட்டையும் குழாயையும் எப்படி மாற்றலாம் என்று தமிழில் இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகம்தோறும் கிடைத்தால் போதும்.

வேகம் வேண்டும் என்ற துடிப்பையும் நான் பழிக்கவில்லை. சோழவரம் விமானத் தளத்தில் நடந்த பந்தயங்களில் நம் பெருங்களத்தூர் ஹெரால்டுகள் மாற்றியமைக்கப்பெற்று ஓடின. கோவைக் கரிவர்தன் மாருதி இயந்திரத்தைக் கொண்டு பந்தயக் கார்களையே படைத்தார். திருப்பெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயக் களமும் உண்டு. நேர்க்குழாய்க்கு இடம் அங்கே. ஆசிரியர் பாடம் நடத்தும் தெருவிலும், நோயாளி உறங்கும் தெருவிலும் அன்று.

பையனை விழுப்புரத்துக்கு அழைத்துவந்து எழுபது வயது கடந்த ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் காரைச் சுற்றி வந்தார்; முடுக்கச் சொன்னார்; உடனே நிறுத்தச் சொன்னார். "கார்ப்ரேட்டரக் காதால பாக்கணும் தம்பி. சைலன்சரக் கழட்டிப்புட்டு வந்தா எந்தக் காதால பாக்கறது?" என்றார். நான் இரண்டு மாதமாக அவனுக்குச் சொல்ல முயன்றதை அவர் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார். திருகைக் கால் சுற்றுத் திருப்பி, இயந்திரத்தின் மூச்சு சீராகிறதா தடுமாறுகிறதா என்று செவியால் அறியும் கலை அது. 2000ஐ ஒட்டிப் புதிய கார்களிலிருந்து கார்புரேட்டர் விடைபெற்றபின் அக்கலை கற்க யாரும் வரவில்லை. தனித்தமிழ் கண்ட மறைமலையடிகளின் பெயர் தாங்கிய மறைமலைநகரில்தான், மாருதிக் கார்களுக்கான கார்புரேட்டரை யூகால் நிறுவனம் செய்தது. அதற்கு மட்டும் தமிழ்ப்பெயரை வழக்கில் கொண்டுவராமலே விட்டுவிட்டோம். பட்டறைகளோ வைத்திருக்கின்றன. அந்த முதியவர் வாயில் மிதவை, ஊசி, பட்டாம்பூச்சி என்று ஒவ்வோர் உறுப்பும் தமிழில் வந்தது. இயந்திரத்தின் ஒவ்வொரு பிணிக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறார். நம் துறையின் முதுகலை மாணவர் இருவர் ஒரு குறிப்பேட்டோடு அவர் பட்டறையில் பத்து நாள் உட்கார்ந்தால் ஆய்வேட்டுக்குப் பொருள் கிடைக்கும். வரும் பருவத்தில் அனுப்பலாம் என்றிருக்கிறேன்; கிரீசுக் கறைக்கு அஞ்சாதவர்கள் பெயர் கொடுக்கலாம்.

பழைய கார்புரேட்டர் கொட்டகையில் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடைத்தது. நல்லவேளையாக அதை எடைக்குப் போடவில்லை. முதியவர் அதைப் பிரித்து, கழுவி, ஒரு சுற்றுப் பெரிய ஜெட் போட்டுத் திரும்பப் பொருத்தினார். கழற்றிய பழைய ஜெட்டைப் பையன் ஒரு தீப்பெட்டியில் வைத்து, எண்ணையும் மாற்றிய நாளையும் காரணத்தையும் ஒரு சீட்டில் எழுதி உள்ளேயே போட்டுவிட்டான். பாடவேறுபாட்டை அடிக்குறிப்பில் காட்டும் பதிப்பாசிரியரின் வேலை அது என்று அவனிடம் சொன்னேன். அவனுக்கு அது விளங்கியதாகத் தெரியவில்லை. தீப்பெட்டியைப் பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

சைலன்சர்தான் இன்னும் கிடைக்கவில்லை. இப்போதைக்கு வேறொரு காருடையதை அளவு பார்த்துப் பொருத்தியிருக்கிறார்கள். ஓசை அடங்கிவிட்டது, முனகல் வரவில்லை. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் யார் வீட்டுக் கொட்டகையிலேனும் ஸ்டாண்டர்டு 2000இன் பழைய சைலன்சர், துருப்பிடித்ததாயினும், கிடந்தால் நம் தமிழ்த்துறையில் சொல்லியனுப்புங்கள். பையன் வந்து எடுத்துக்கொள்வான்.